அரிசிக் கொட்டகையில் ஒரு கூடையம்மன்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் கொட்டகையின் சாவி என்னிடம்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கு வாரா வாரம் அரிசி அளந்து போட்ட கொட்டகை இது. அதன் பிறகு உர மூட்டை, அதன் பிறகு ஒன்றுமில்லை. இப்போது மஞ்சப்பாறை எஸ்டேட்டின் காட்சியகம். அருளப்பன் அண்ணன் ஜீப் ஓட்டுகிறவர். எஸ்டேட்டின் பழைய சாமான்களை தொழிலாளர் லைன்களில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தது அவர்தான். சாலை முனையில் இந்த மலையைத் 'திறந்த' வெள்ளைக்காரத் துரைக்குக் கல் வைத்திருக்கிறார்கள். அந்தத் துரையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்கு ஒரு கூழாங்கல்கூட இல்லையே என்று அண்ணனுக்கு ரொம்ப நாள் கோபம்.

உள்ளே மூங்கில் கூடைகள், கம்பளிகள், ஒரு பெரிய இரும்புத் தராசு, அரிசிப் படி, காடு வெட்டும் கத்தி, எரிந்த மரங்களுக்கு நடுவே நிற்கிற ஆட்களின் போட்டோ. மேனேஜர் இடத்தைச் சும்மா கொடுத்திருக்கிறார். திறப்பது, கூட்டுவது, துடைப்பது, பூட்டுவது என் வேலை.

"எல்லாத்துக்கும் அட்டையில எழுதி ஒட்டிட்டேன் தங்கச்சி. நீ பேசவே வேணாம். யாராச்சும் கேட்டா கையக் காட்டு, போதும்" என்றார் அண்ணன்.

அதனால்தான் ஒத்துக்கொண்டேன். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் ரொம்ப தூரம்.

ஜூன் 12

மழை. யாரும் வரவில்லை. கம்பளியில் பூசணம். கரிச்சட்டியைப் பக்கத்தில் வைத்துக் காய வைத்தேன். கொட்டகை முழுக்க நனைந்த ஆட்டு வாசனை. எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 16, திங்கள்

பொம்மை வந்தது. முதன்முதலில் மலை ஏறி வந்த பெண்களுக்காக ஒரு ஆள் உயரச் சிலை வேண்டும் என்று அண்ணன் கீழே ஒருவரிடம் சொல்லியிருந்தார். அவர் கோயில் கோபுரங்களுக்குச் சுதை பொம்மை செய்கிறவர். ஜீப்பிலிருந்து நாலு பேர் இறக்கி வைக்கோலைப் பிரித்ததும் அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார்.

முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு, வெறுங்கால், கெண்டைக்காலில் ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி ஒன்றுகூட இருக்கிறது. அதெல்லாம் சரி. ஆனால் கண் காது வரைக்கும் போகிறது. உதடு செக்கச் சிவப்பு. பார்க்கிறவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவளும் பார்க்கிறாள்.

அண்ணன் அங்கேயே நின்று சிலைக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏங்க, நான் கொழுந்து பறிக்கிற பொம்பளையக் கேட்டா நீங்க தேவியைச் செஞ்சு அனுப்பியிருக்கீங்க."

"என் கை அப்படியே பழகிருச்சு தம்பி. நாலு கை வைக்காம விட்டேன் பாருங்க, அதுவே பெரிசு."

இறக்கின ஆட்கள் சிரித்தார்கள். நானும் முந்தானையில் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

ஜூன் 18

அவள் கொண்டை வெறுமையாக இருந்தது. வீட்டு வாசலில் பூத்த டேலியா ஒன்றைக் கொண்டுபோய்ச் செருகினேன். இப்போது பரவாயில்லை.

ஜூன் 24

சுற்றுலா வந்த கணவன் மனைவி இருவர். அந்த அம்மா கம்பளியைக் காட்டி, "இதைப் போர்த்திக்கிட்டா வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். மறுபடி கேட்டார். மறுபடி காட்டினேன். "பாவம், பேச வராது போல" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

அவர்கள் போன பிறகு அந்தக் கம்பளியைப் பற்றி முழுவதும் சொன்னேன். மழையில் அதைத்தான் தலையோடு போட்டுக்கொண்டு பறிப்பார்கள், ராத்திரி அதையே பிழிந்து உதறிவிட்டுப் பிள்ளைகளை அதற்குள் படுக்க வைப்பார்கள் என்று. யாரிடம் சொன்னேன் என்றால், சும்மா, கொட்டகையில் வைத்து.

டேலியா வாடிவிட்டது. வேறு மாற்றினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அட்டைப்பூச்சி அதிகம். நான் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜூலை 1, செவ்வாய்

மத்தியானம் கொழுந்தை எடை போட்டு முடித்துவிட்டு பேச்சி அத்தை வந்தார். எங்கள் லைனில் கடைசி வீடு. அம்மாவோடு ஒரே தேயிலைக் காட்டில் பறிக்கிறவர். மேஸ்திரியையே வாடா போடா என்று பேசுகிற வாய். திறந்த நாளிலிருந்து காட்சியகத்துக்குள் வந்ததே இல்லை. "எங்க வீட்டு ஓட்டைச் சட்டியப் பாக்க நான் எதுக்குடி அங்க வரணும்?" என்று அம்மாவிடம் கேட்டவர்.

இன்று ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை, முதுகு காட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன்; வெளியே சேற்றில் செருப்புத் தடத்தைப் பிறகுதான் கண்டேன். அப்புறம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை என்று எழுதிய அட்டை கிடையாது. நானும் சொல்லவில்லை. அத்தை பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைக் கூப்பினார், போய்விட்டார்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் திறந்தபோது ஒன்றுமில்லை. மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் பொம்மையின் நெற்றியில் குங்குமம்.

சாயங்காலம் அம்மா சொல்லித்தான் தெரியும். நேற்று ராத்திரி பேச்சி அத்தை வீட்டுச் சமையல் கட்டுச் சுவருக்கு யானை வந்திருக்கிறது. தும்பிக்கையை ஜன்னலில் விட்டு உப்பு டப்பாவைத் தடவியிருக்கிறது. அத்தை கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு, "அடி கூடைக்காரி, நீதான் பாத்துக்கணும்" என்றாராம். யானை டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம்.

"உப்பு தீந்து போயிருந்திருக்கும்" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அம்மா. "சாமி விஷயம்."

ஜூலை 9

கூட்டம். எல்லாம் நம் லைன் பெண்கள்தான். பெயரும் வைத்துவிட்டார்கள்: கூடையம்மன். காட்டுக்குப் போகும்போது உள்ளே வந்து ஒரு கும்பிடு, திரும்பும்போது அன்றைக்குப் பறித்ததில் ஒரு கைப்பிடிக் கொழுந்து அவள் கூடைக்குள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லாரும் அப்படியே செய்கிறார்கள்.

"கால்ல பாரேன், நம்மளை மாதிரியே அட்டை கடிச்சிருக்கு" என்று ஒரு அக்கா அழுதார். "எந்தச் சாமிக்குடி அட்டை கடிக்குது?"

அவர்கள் போனதும் தரை முழுக்கச் சேறு. கூட்டினேன். திட்டத் தோன்றவில்லை. இத்தனை நாள் இந்த ஜனங்கள் தராசையும் கம்பளியையும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது கும்பிட்டுவிட்டுப் போகிறபோது, "ஏ, இது எங்க தாத்தா கத்தி மாதிரில்ல இருக்கு" என்று நிற்கிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை. குடையை வெளியே மடக்கி வைத்துவிட்டு வந்து பொம்மையைச் சுற்றி நடந்தார். கூடையிலிருந்த கொழுந்தை எடுத்து மோந்து பார்த்தார்.

"நல்ல கொழுந்து" என்றார். "பாக்டரிக்கு வர்றதை விட நல்லாயிருக்கு." பிறகு அருளப்பன் அண்ணனைக் கூப்பிட்டு, "மியூசியம்னு கேட்டீங்க, கொடுத்தேன். கோயில்னா இது கம்பெனி நிலம், என்னால முடியாது. இன்னைக்கு ஒரு பொட்டு, நாளைக்கு ஒரு மணி, அப்புறம் உண்டியல். அதுக்கப்புறம் இந்த இடத்தை யார் கேட்டாலும் சாமி குத்தம். எனக்கு மேல இருக்கறவங்க விடமாட்டாங்க. நிறுத்தச் சொல்லுங்க. இல்லேன்னா பூட்டிடுவேன்" என்றார்.

போகும்போது என்னிடம், "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கியேம்மா" என்றார்.

ஜூலை 15

அண்ணனிடம், நீங்கள் அவர்களிடம் சொல்லுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். வாயால் சொல்லியிருக்கலாம். எழுதினால் சரியாக வருகிறது.

"நான் எப்படி மாரி சொல்றது? நான் வேதக்காரன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன் வந்து அம்மனுக்குப் பூ வைக்காதேன்னா அது வேற மாதிரி ஆயிரும். எங்க அம்மாவே என்னை அடிக்க வருவா, அவளும் போன வாரம் வந்து கும்பிட்டிருக்கா." கொஞ்ச நேரம் ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். "நீதான் சொல்லணும். அவங்க உன் ஆளுங்க."

என் பெயரே சந்தனமாரி. அதனால் அண்ணன் அப்படி நினைக்கிறார் போல.

ஜூலை 16

பெரிய எழுத்தில் அட்டை எழுதினேன்: 'இது சிலை. தயவுசெய்து பூ, பொட்டு வைக்காதீர்கள்.' பொம்மையின் காலடியில் சாய்த்து வைத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வாசலில் கோலம். மூன்றாவது வெள்ளிக்கு, அதாவது ஆகஸ்ட் 1 அன்று, கொட்டகை முன்னால் கூழ் ஊற்றுவது என்று முடிவாகிவிட்டது. அம்மா கேழ்வரகு தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். சின்ன வெங்காயம் பேச்சி அத்தை.

மேனேஜர் ஆபீசிலிருந்தும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். கூழ் ஊற்றினால் அன்று சாயங்காலமே பூட்டு. சாமான்களை எடுத்துக்கொள்ள ஒரு நாள் தருவார்களாம்.

ஜூலை 22

அம்மாவிடம் பூட்டு விஷயத்தைச் சொன்னேன். "அம்மன் இருக்கிற எடத்தை எவன் பூட்டுவான்?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். லைனில் எல்லாருக்கும் தெரியும், யாரும் நம்பவில்லை.

அருளப்பன் அண்ணன் நம்புகிறார். சாமான்களை அவரவர் வீட்டுக்கே திருப்பித் தந்துவிடலாமா என்று கேட்டார். கொடுத்தால் அந்தக் கம்பளி மறுபடி நாய்க்குப் படுக்கையாகும், தராசு பழைய இரும்புக்காரனிடம் போகும். அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

இன்று எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்தேன். காலையில் திறக்கும்போது கதவு கொஞ்சம் இறுக்கி, அப்புறம் விடும். உள்ளே இருட்டும் குளிரும் இருக்கும், ஜன்னலைத் திறந்தால் தராசின் தட்டில் முதலில் வெளிச்சம் விழும். வேறு எங்கேயும் எனக்கு இப்படி ஒரு காலை கிடைக்காது.

பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்க எழுப்புவார்கள். ஒரு முறை எழுந்து நின்று ஒரு எழுத்துகூட வராமல் மணி அடிக்கும் வரை நின்றேன். சிரித்தார்கள், ரொம்ப நேரம் இல்லை. நான் படிப்பை நிறுத்தியது அதனால் இல்லை. தூரம்தான்.

ஜூலை 27, ஞாயிறு

 இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு என்பதால் எல்லாரும் லைன் தொட்டியில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் எங்கள் காளியம்மன். கோயில் என்றால் கோயில் இல்லை, தகரக் கூரையின் கீழ் ஒரு கல். முதலில் வந்தவர்கள் தெற்கே தங்கள் ஊர்க் காளியின் சன்னதியிலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு வந்து இங்கே போட்டுக் கல் நட்டார்கள். ஊர் மாறிப் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பிடிமண் போகிற இடத்துக்குச் சாமியும் போகும்.

நான் குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு நின்றேன். கூழ்ப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எத்தனை அண்டா, யார் வீட்டு அடுப்பு. அப்போது அந்தக் கல்லைப் பார்த்தேன். பார்த்ததும், "அங்க ஊத்த வேணாம்" என்று வந்துவிட்டது. எனக்கே கேட்காத குரல்.

"என்னடி?" என்றார் அம்மா.

எல்லாரும் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். சத்தம் இருந்தபோது பரவாயில்லை. நான் குடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அவளையும் பிடிமண் எடுத்து இங்க கொண்டாந்துரலாம். காளியம்மன் பக்கத்துல. இங்க யாரும் பூட்ட மாட்டாங்க."

பேச்சி அத்தை துணியைப் பிழிந்துகொண்டே, "பிடிமண் எடுத்தா அங்க இருக்கறவ போயிருவாளாக்கும்? அங்கயும் இருப்பா, இங்கயும் இருப்பா. எங்க ஊருக் காளி இன்னும் அங்கயேதான இருக்கா" என்றார்.

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் வாய் அதற்குள் திறந்திருந்தது.

"இருக்கட்டும் அத்தை. கூழை இங்க ஊத்துனா, அவ அங்க எதுக்குப் பசியோட நிக்கப் போறா?"

முதலில் அம்மாதான் சிரித்தார். பிறகு தொட்டி முழுக்கச் சிரிப்பு.

"அந்தத் தரையில மண்ணு ஏது? சிமெண்டுல்ல போட்டிருக்கு" என்றார் ஒருவர்.

"தெனமும் நான் கூட்டுறேனே. நீங்க காட்டுலருந்து கால்ல கொண்டாற மண்ணு அவ காலடியிலதான் கிடக்கு."

"கால் மண்ணையா சாமிக்கு எடுக்கறது?"

"ஏன், நம்ம கால் மண்ணுக்கு என்ன கேடு?" என்று பேச்சி அத்தை அவர் மேல் பாய்ந்தார். "அவளும் வெறுங்காலோடதான நிக்கிறா."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மண்ணை யார் எடுப்பது என்று வந்தது. முதல் பூ வைத்தவள்தான் எடுக்க வேண்டும் என்றார்கள், அதுதான் முறையாம். யார் வைத்தது? நான் போனபோதே பூ இருந்தது என்றார் ஒருவர். நான் போனபோதும் இருந்தது என்றார் இன்னொருவர். அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டு, கடைசியில் யாருமே முதல் பூ வைக்கவில்லை என்று ஆயிற்று. "தானா பூத்திருக்காடி" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு மயிர் சிலிர்த்துவிட்டது, கையை நீட்டிக் காட்டினார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தானாகப் பூத்த இடம் என்று ஆகிவிட்டால் அந்த இடத்தை எவரும் விடமாட்டார்கள்.

"நான்தான் வச்சேன்" என்றேன். "டேலியா. கொண்டை சும்மா இருந்துச்சுன்னு வச்சேன். சாமின்னு வைக்கல."

இதோடு எல்லாம் உடைந்தது, இத்தனை பேரையும் முட்டாளாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அம்மாவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பேச்சி அத்தை மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தார். "எனக்குத் தெரியும்டி. அன்னைக்கு ஜன்னல் பக்கம் நின்னுதான பாத்தேன். நீ பூவை மாத்திட்டு அவகிட்ட வாய் ஓயாம பேசிக்கிட்டு இருந்தே. கம்பளி, தராசு, உங்க அப்பன், பள்ளிக்கூடத்துல சிரிச்சவளுக எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருந்தே. பொறந்ததுலருந்து இந்தப் புள்ள என்கிட்ட 'ம்' தவிர ஒண்ணு சொன்னதில்ல. இவளையே பேச வச்சிட்டாளே, இவ சும்மா ஆளா இருப்பாளான்னுதான் செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தேன். யானையெல்லாம் அதுக்கப்புறம்."

நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதித் தண்ணீர் வழியிலேயே தளும்பிப் போயிற்று. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், நான் குடத்தை நிரப்பவே இல்லை. பேச்சி அத்தையின் குடத்தைத் தூக்கி வந்திருக்கிறேன்.

ஜூலை 28

அண்ணன் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். காளியம்மன் கல் ஏற்கெனவே இருக்கிறது, அதில் அவருக்குச் சிக்கல் இல்லை. புதிதாகச் சுவர் எழுப்பக் கூடாது என்று மட்டும் சொன்னாராம். "யார் யோசனை?" என்று கேட்டதற்கு அண்ணன் என் பெயரைச் சொன்னாராம். "அந்தப் பேசாத பொண்ணா?" என்றாராம்.

குடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தை எனக்கு ஒரு கருப்பட்டித் துண்டு கொடுத்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் குளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனோம். துடைப்பம் எடுக்கக் கூடாது, கையால்தான் என்றார்கள். அவள் காலடியில் உட்கார்ந்து வழித்தேன். செம்மண், கருமண், ஒரு காய்ந்த தேயிலை இலை, ஒரு டேலியா இதழ். எல்லாம் சேர்ந்து ஒரு பிடி வந்தது. புதுக் கலயத்தில் போட்டு மஞ்சள் துணியால் வாய் கட்டினார்கள்.

வெளியே வந்ததும் மழை. கலயம் நனையக் கூடாது என்று பேச்சி அத்தை என் தலைக்கு மேல் குடை பிடித்தார். அவர் நனைந்துகொண்டே வந்தார். வழியில் எதையோ கேட்டார், நான் சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, கொட்டு மேளத்துக்குக்கூட நகரவில்லை.

காளியம்மன் பக்கத்தில் ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல், அதன் அடியில் மண். அவ்வளவுதான். கல்லின் முதுகில் ஒரு குட்டிக் கூடையைச் சாய்த்து வைத்தார்கள்.

கூழ் நன்றாக இருந்தது. மேனேஜர் வந்தார். ஒரு டம்ளர் குடித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொன்றும் நீட்டினார். அருளப்பன் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஏன்டா அருளு, உனக்குத் தனியா பத்திரிகை வைக்கணுமா?" என்று அம்மா கத்தினார்.

"இல்லக்கா, நான் வேதக்காரன்..."

"கேப்பைக் கூழுக்கு ஏதுடா வேதம்? வா."

வந்தார். வெங்காயம் அவர்தான் அதிகம் தின்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பொம்மையை ஈரத் துணியால் துடைத்தேன். இத்தனை நாளும் தொடப் பயந்து மேலோடு தூசி தட்டிக்கொண்டிருந்தேன். இன்று காதுக்குப் பின்னால், மூக்கு ஓரம் எல்லாம் அழுத்தித் துடைத்தேன். கூடையில் காய்ந்து கிடந்த கொழுந்தைக் கொட்டினேன். கண்ணைச் சின்னதாக்கி உதட்டுக்கும் வேறு வண்ணம் அடிக்கச் சிலைக்காரரை வரச் சொல்லலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். வாயால்தான் சொன்னேன்.

பெண்கள் காட்டுக்குப் போகிற வழியில் இப்போது உள்ளே வருவதில்லை. லைனிலேயே கும்பிட்டுவிடுகிறார்கள். கொட்டகை பழையபடி அமைதி. ஆனால் மத்தியானம் பேச்சி அத்தை வந்தார், செருப்போடு. தன் சாப்பாட்டுத் தூக்கை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது உங்க தாத்தன் கத்தியா, எங்க தாத்தன் கத்தியா, உண்மையச் சொல்லு" என்று ஆரம்பித்தார். எடைச் சங்கு ஊதும் வரை இருந்தார்.

சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு வழக்கம்போல அவள் எதிரில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன், மிச்சம் ஒன்றுமில்லை. அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.